மரவள்ளிப் பசைக்குச் சொந்தக்காரர் யார்?

பட்டம் செய்யும் பையனுக்குப் பசை வாங்கக் காசு கிடையாது. அடுப்படிக்குப் போகிறான். நாலு சோற்றுப் பருக்கையை எடுக்கிறான். விரலால் நசுக்கிக் காகிதத்தில் தடவுகிறான். பட்டம் ஒட்டிக்கொள்கிறது.

அந்தப் பருக்கைக்கு ஒட்டும் குணத்தைக் கொடுத்தது யார்? அது சோற்றின் பிறவிக் குணம். "சோறு ஒட்டும் என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். இனிமேல் சோற்றால் ஒட்டுகிறவர்கள் எல்லோரும் எனக்குப் பணம் கட்டவேண்டும்" என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம்.

ஆனால், கிட்டத்தட்ட இப்படி ஒரு கேள்வி அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. அங்கே சோறு இல்லை, மரவள்ளிக்கிழங்கு. 1928-ம் ஆண்டில் அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது. அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. பல மரச்சாமான் தொழிற்சாலைகளின் பிழைப்பு அதில் அடங்கியிருந்தது.

வஜ்ஜிரத்தின் வாடை

அந்தக் காலத்தில் மரவேலைக்கு வஜ்ஜிரத்தை விட்டால் வேறு நல்ல பசை கிடையாது. மாட்டுத் தோல், எலும்பு, நரம்பு இவற்றை நெடுநேரம் கொதிக்க வைத்து எடுப்பதுதான் வஜ்ஜிரம். தச்சுப் பட்டறையில் அதைச் சின்னச் சட்டியில் இளக்குவார்கள். சூடாகப் பூசவேண்டும். ஆறியதும் இறுகிக்கொள்ளும். அது பிடித்த பிடியைப் பிரிப்பது கஷ்டம். சில சமயம் மரம்தான் பிளக்கும், ஒட்டு பிரியாது.

பிடிப்பு நன்றாக இருந்தாலும் குறைகளும் இருந்தன. முதல் குறை நாற்றம். பட்டறைத் தெருவுக்குள் நுழையும்போதே மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கரைத்து வைத்த வஜ்ஜிரம் சீக்கிரம் அழுகிப்போகும். கிருமிகளுக்கு அது நல்ல விருந்து. மூன்றாவது குறைதான் முதலாளிகளை மிகவும் வாட்டியது. அதன் விலை அதிகம். ஒரு மாதம் ஏறும், மறு மாதம் இறங்கும். வேண்டும்போது வேண்டிய அளவு கிடைக்காது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணம் மரச்சாமான்களுக்குப் பேர்போனது. அங்குள்ள கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துக்கு 'மரச்சாமான் நகரம்' என்றே பெயர். அதற்குப் பக்கத்தில் ஹாலந்து என்ற ஊர் இருக்கிறது. ஹாலந்து தேசத்திலிருந்து 1847-ம் ஆண்டில் வந்து குடியேறியவர்கள் தங்கள் தாய்நாட்டின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். அங்கும் மேஜை, நாற்காலி, அலமாரி செய்யும் தொழிற்சாலைகள் எழுந்தன.

இந்தத் தொழிற்சாலைகள் முழுக்க முழுக்க உயர்ந்த மரத்தால் சாமான் செய்வதில்லை. உள்ளே சாதாரணப் பலகை. மேலே உயர்ந்த மரத்தை மெல்லிய தகடாகச் சீவி ஒட்டிவிடுவார்கள். இதை 'வினியர்' என்பார்கள். பார்க்கிறவர்களுக்கு முழுப் பலகையும் உயர்ந்த மரமாகவே தோன்றும். விலையும் குறையும். ஆனால் ஒட்டு சரியாக இல்லாவிட்டால் போச்சு! தகடு குமிழ்விட்டு எழும்பும். ஓரத்தில் பிய்ந்து தொங்கும். சாமானைச் செய்த கம்பெனியின் பெயரும் அதோடு போய்விடும்.

ஆகவே நாற்றமில்லாத, அழுகாத, மலிவான பசைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

கஞ்சி ஏன் பலகையை ஒட்டாது?

மாவுப் பசை ஒன்றும் புதிதல்ல. காகிதம் ஒட்டவும் உறை ஒட்டவும் அது மிகப் பழைய காலத்திலிருந்தே இருந்தது. மரத்துக்கும் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். சரிவரவில்லை. காரணம் தண்ணீர்.

மாவைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் என்ன ஆகிறது? மாவின் ஒவ்வொரு மணியும் தண்ணீரைக் குடித்து ஊதுகிறது. கஞ்சி கெட்டிப்படுகிறது. தூரிகையால் பூசும் அளவுக்கு இளக வேண்டுமானால் இன்னும் நிறையத் தண்ணீர் ஊற்றவேண்டும். அப்படி ஊற்றிய கஞ்சியைப் பலகையில் பூசினால், அத்தனை தண்ணீரையும் மரம் குடிக்கும். வினியர் தகடு நனைந்து ஊதும், வளையும். காய்ந்த பிறகு பார்த்தால், இரண்டு பலகைக்கும் நடுவில் மாவு கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். அது எப்படிப் பிடிக்கும்?

தண்ணீர் குறைவாகவும் இருக்கவேண்டும். பசை இளக்கமாகவும் இருக்கவேண்டும். மாவுப் பசையின் கஷ்டமெல்லாம் இந்த ஒரே முடிச்சில் இருந்தது.

பெர்க்கின்ஸ் என்ற அமெரிக்கர் இந்த முடிச்சை அவிழ்த்தார்.

மாவுச் சத்து என்பது சர்க்கரைத் துணுக்குகள் நீளமாகக் கோத்த சங்கிலி. நீண்ட நூல்களை ஒரு பானையில் போட்டுக் கிளறினால் சிக்கிக்கொள்ளும். கரண்டி நகராது. அதே நூலைச் சிறு துண்டுகளாக வெட்டிப் போட்டால் கரண்டி சுலபமாகச் சுற்றும். அதுபோல, மாவுச் சத்தின் சங்கிலியைப் பதமாகத் துண்டித்துவிட்டால் அது குறைந்த தண்ணீரிலேயே இளகி நிற்கும். அதிகம் துண்டித்தால் ஒட்டும் வலிமை போய்விடும். குறைவாகத் துண்டித்தால் பழைய கஞ்சிதான். இந்தப் பதத்தைக் கண்டுபிடிப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

பெர்க்கின்ஸ் மரவள்ளிக்கிழங்கின் மாவை எடுத்துக்கொண்டார். இன்று சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசி செய்கிறார்களே, அதே கிழங்கு. அந்த மாவைப் பக்குவப்படுத்தி, ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு அல்லது அதற்கும் குறைந்த தண்ணீர் சேர்த்து, காஸ்டிக் சோடா போன்ற காரம் கலந்து பசையாக்கினார். வஜ்ஜிரத்துக்கு ஈடாகப் பலகையைப் பிடித்தது. நாற்றமும் இல்லை.

1912-ம் ஆண்டில் அவருக்குப் பேட்டண்ட் உரிமை கிடைத்தது.

பேராசை பிடித்த ஒரு வரி

பேட்டண்ட் என்பது சர்க்காருக்கும் கண்டுபிடித்தவருக்கும் நடக்கும் ஒரு பேரம். "நீ கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடு. சில ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதைச் செய்யாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறது சர்க்கார். அமெரிக்காவில் அப்போது அந்தக் காலம் 17 ஆண்டு. அது கழிந்ததும் கண்டுபிடிப்பு ஊருக்குச் சொந்தம்.

எழுதிக் கொடுக்கும் பத்திரத்தின் கடைசியில் உரிமைக் கோரிக்கைகள் இருக்கும். நிலத்துக்கு நான்கெல்லை எழுதுவதுபோல, 'என் உரிமை இங்கிருந்து இதுவரை' என்று வரையறுப்பது இந்தப் பகுதிதான். எல்லையைச் சுருக்கி எழுதினால் அண்டை வீட்டுக்காரன் புகுந்துவிடுவான். அதனால் வக்கீல்கள் எப்போதும் கொஞ்சம் அகலமாகவே எழுதப் பார்ப்பார்கள்.

பெர்க்கின்ஸின் பத்திரத்தில் இப்படி நிறையக் கோரிக்கைகள் இருந்தன. எப்படிச் செய்வது என்ற முறைக்குச் சில. செய்த பசைக்குச் சில. 28-வது கோரிக்கையின் சாரம் இதுதான்: மரவள்ளி மாவுச் சத்தைப் பக்குவம் செய்து இளக்கிய பசை, ஏறக்குறைய வஜ்ஜிரத்தின் குணங்கள் அதற்கு இருக்கவேண்டும்.

இந்த வரியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். எவ்வளவு துண்டித்தது, என்ன அளவு தண்ணீர் என்ற விவரம் அதில் இல்லை. 'வஜ்ஜிரம்போல் ஒட்டவேண்டும்', அவ்வளவுதான்!

அதன் விளைவு என்ன? நாளைக்கு இன்னொருவர் முற்றிலும் வேறு வழியில், இதைவிட மலிவாக ஒரு மரவள்ளிப் பசையைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது மரத்தை நன்றாக ஒட்டுகிறது. உடனே அது பெர்க்கின்ஸ் கம்பெனிக்குக் கட்டுப்பட்டதாகிவிடும். நன்றாக ஒட்டாத பசையைச் செய்தால் மட்டும் தப்பிக்கலாம். நன்றாக ஒட்டாத பசையை யார் வாங்குவார்கள்?

பெர்க்கின்ஸ் பசைக் கம்பெனி பல ஊர்க் கோர்ட்டுகளில் வழக்குப் போட்டது. மிச்சிகனின் ஹாலந்து மரச்சாமான் கம்பெனிமீதும் வழக்கு வந்தது. அப்பீல் கோர்ட்டு பெர்க்கின்ஸ் பக்கம் நின்றது. மரச்சாமான் கம்பெனி விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டியது.

நீதிபதி சொன்னது

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹார்லன் ஸ்டோன். கொலம்பியா சட்டக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். பிற்காலத்தில், 1941-ல், அமெரிக்காவின் தலைமை நீதிபதியானார்.

பெர்க்கின்ஸ் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. சிக்கல் கோரிக்கை எழுதப்பட்ட விதத்தில் இருந்தது. பசை இன்ன வேலை செய்யும் என்று சொல்வதால் பசை எது என்று சொன்னதாகாது. வஜ்ஜிரத்தின் குணங்கள் ஊரறிந்தவை. அந்தக் குணங்களைக் காட்டி, 'இவை எந்த மாவுப் பசையில் இருந்தாலும் அது என்னுடையது' என்று சொன்னால், கண்டுபிடித்ததைவிட அதிகமாகக் கேட்பதாகும் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். இந்தக் கோரிக்கையை வைத்துக்கொண்டு ஒருவர் அந்தப் பசையைச் செய்யவும் முடியாது; அதில் மாட்டிக்கொள்ளாமல் விலகிப் போகவும் முடியாது. இரண்டுக்குமே முதலில் வெகுநாள் சோதனை செய்து பார்க்கவேண்டும். வேலி எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலத்தில் யார் துணிந்து கால் வைப்பார்கள்?

அப்பீல் கோர்ட்டின் தீர்ப்பு ரத்தாயிற்று. வழக்குக்கு வந்த பசைக் கோரிக்கைகள் செல்லாது என்று தீர்ந்தது.

இதற்கு முன்னோடியாக ஒரு பெரிய மனிதரின் வழக்கும் உண்டு. தந்தியைக் கண்டுபிடித்த மோர்ஸ்தான் அவர். தாம் செய்த கருவியோடு நிற்காமல், மின்சாரத்தின் காந்த சக்தியால் தூரத்தில் எழுத்துப் பதிக்கும் எந்த முறையும் தமக்கே சொந்தம் என்று ஒரு கோரிக்கை எழுதியிருந்தார். 1854-ல் அதே சுப்ரீம் கோர்ட்டு அந்த ஒரு கோரிக்கையைத் தள்ளிவிட்டது. மற்றவை நின்றன. மேதைகளுக்கும் கொஞ்சம் பேராசை இருக்கத்தான் செய்கிறது.

பெர்க்கின்ஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1912-ல் கிடைத்த உரிமை. 17 ஆண்டுக் கணக்குப்படி 1929-ல் தானாகவே முடிந்திருக்கும். தீர்ப்பு வந்ததோ 1928-ல்! இத்தனை ஆண்டும் அந்த வரி மரச்சாமான்காரர்களின் தலைக்குமேல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

பழைய சாயத்தில் புதுக் குணம்

குணத்தை உரிமையாகக் கேட்பது ஒருவகைத் தகராறு. இன்னொரு வகையும் உண்டு. பொருள் பழையது, அதில் இருக்கும் குணத்தை ஒருவர் புதிதாகக் கவனிக்கிறார். அவருக்கு உரிமை உண்டா?

1892-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். மின்சார விளக்கு வந்த புதிது. கம்பிமேல் சுற்றிய பருத்தி உறை சூடேறித் தீப்பிடித்தது. கௌல்ஸ் என்பவர் அந்த உறைக்குச் சாயப் பூச்சுக் கொடுத்தார். தீ பரவவில்லை. பேட்டண்டும் வாங்கினார். ஆனால், அதற்கு முன்பே மின்சாரக் கம்பிகளின் உறைக்கு அப்படிப்பட்ட பூச்சுக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதை யாரும் தீத் தடுப்புக்காகச் செய்யவில்லை, அவ்வளவுதான். தீப்பிடிக்காத குணம் அந்தப் பழைய பூச்சிலும் இருந்தது. பார்க்காமல் விட்டதால் இல்லை என்று ஆகிவிடுமா? கோர்ட்டு பேட்டண்டை ஏற்கவில்லை.

இன்றும் பேட்டண்ட் ஆபீசில் புதுப் பசைகளுக்கு மனு வரும்போது இந்தத் தகராறுதான் அடிக்கடி எழுகிறது. பரிசோதகர் பழைய ஏடுகளைத் தேடுகிறார். "நீர் சொல்லும் பொருள்கள் இந்தப் பழைய பசையிலும் இருக்கின்றன. அதே அளவு, அதே பக்குவம்" என்கிறார். மனுதாரர் விடுவதில்லை. "என் பசை கொதிநீரிலும் இளகாது. பழைய ஏட்டில் அதைப்பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா?" என்று கேட்கிறார். மனு தள்ளப்பட்டால் அப்பீல் போகிறார்.

ஏடு சொல்லாததால் குணம் இல்லாமல் போவதில்லை. இரண்டு பசையும் ஒன்றேயானால் குணமும் ஒன்றேதான். அப்படியானால் யார் நிரூபிப்பது? பேட்டண்ட் ஆபீசில் அடுப்பும் சட்டியும் வைத்துப் பசை காய்ச்சிப் பார்க்க வசதி கிடையாது. எனவே, 1977-ம் ஆண்டில் ஓர் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு வழி சொன்னது. இரண்டும் ஒன்றுபோல் இருப்பதைப் பரிசோதகர் தகுந்த காரணத்தோடு காட்டினால் போதும். பழையதில் அந்தக் குணம் இல்லை என்பதை மனுதாரர்தான் சோதனை செய்து காட்டவேண்டும். இது நியாயமான வழிதான். பசை அவர் கையில் இருக்கிறது. சோதனைச் சாலையும் அவரிடம் இருக்கிறது.

குழந்தையின் டயாபர்

ஆனால் பரிசோதகர்களும் சில சமயம் எல்லை தாண்டிவிடுகிறார்கள். 'பழையதில் இந்தக் குணம் இருக்கக்கூடும்' என்று ஊகித்தே மனுவைத் தள்ளிவிடுகிறார்கள். 1999-ம் ஆண்டில் இதற்கும் ஒரு கடிவாளம் விழுந்தது. அந்த வழக்கின் பொருள், குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டும் டயாபர்!

அசுத்தமான டயாபரைச் சுருட்டி எறியும்போது அவிழ்ந்துகொள்ளாமல் இருக்க, தனியாக மூன்றாவது மாட்டல் ஒன்றை யோசித்தார்கள். பழைய பேட்டண்ட் ஒன்றில் இரண்டு மாட்டல்கள் மட்டுமே இருந்தன. "அந்த மாட்டல்களையே சுருட்டிக் கட்டவும் பயன்படுத்தலாமே. ஆகவே இது பழையதில் அடங்கியதுதான்" என்றது பேட்டண்ட் ஆபீசின் அப்பீல் குழு.

கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை. பயன்படுத்தலாம் என்பது வேறு. இருந்தே தீரும் என்பது வேறு. நெருப்பு இருந்தால் சூடு இருந்தே தீரும். அது பிறவிக் குணம். நெருப்பு இருந்தால் அதில் சோறு பொங்கலாம், பொங்காமலும் இருக்கலாம். அதைப் பிறவிக் குணம் என்று சொல்லமுடியாது. மனுதாரர் ஜெயித்தார்.

ஒட்டாத பசை

குணத்தைக் கவனித்தவருக்கு உரிமையே கிடையாதா என்று கேட்கலாம். பொருளும் புதிதாக இருந்தால் தாராளமாக உண்டு. அதற்கும் ஒரு பசையே சாட்சி.

1968-ல் அமெரிக்காவின் 3எம் கம்பெனியில் ஸ்பென்ஸர் ஸில்வர் என்ற ரசாயன நிபுணர் பலமான பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததோ நோஞ்சான் பசை! ஒட்டும், இழுத்தால் வந்துவிடும், மறுபடியும் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உருண்டைகளாக அது இருந்ததே காரணம். உருண்டையின் சிறு பாகம்தான் காகிதத்தைத் தொடும்.

1972-ல் வாங்கிய பேட்டண்டில் ஸில்வர் எச்சரிக்கையாக இருந்தார். 'ஒட்டும், உரியும்' என்று குணத்தோடு நிறுத்தவில்லை. உருண்டைகள் எந்த ரசாயனங்களால், எந்த அளவில் ஆனவை என்பதையும் சேர்த்தே எழுதினார். பெர்க்கின்ஸ் பத்திரத்தின் 28-வது வரிக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

அந்தப் பசையை வைத்து என்ன செய்வது என்று ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. அதே கம்பெனியின் ஆர்ட் பிரை என்பவர் மாதாகோவிலில் பாடுகிறவர். பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் துண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. ஸில்வரின் பசை அவருக்கு நினைவுக்கு வந்தது. ஆபீஸ் மேஜைகளில் இன்று காணும் மஞ்சள் ஒட்டுத்தாள் அப்படித்தான் பிறந்தது. 1980-ல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது.

சென்னைக்கு வந்த வழக்கு

இந்தியாவில் இந்த விஷயத்தைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1970-ம் ஆண்டுப் பேட்டண்ட் சட்டத்தின் 3-வது பிரிவில் 'டி' என்ற உட்பிரிவு. தெரிந்த பொருளில் புதிதாக ஒரு குணத்தைக் கண்டதால் மட்டும் பேட்டண்ட் கிடையாது என்பது அதன் சாரம். 2005-ல் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். தெரிந்த பொருளையே வேறு வடிவில் கொண்டுவந்தால், அதன் பலன் கணிசமாக உயர்ந்திருப்பதைக் காட்டவேண்டும்.

இந்தப் பிரிவுக்குப் பெரிய சோதனை சென்னையில்தான் வந்தது. இந்த முறை பசைக்குப் பதில் உயிர் காக்கும் மருந்து. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் 'கிளிவெக்' என்ற மாத்திரைக்காக, ஸ்விட்ஸர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி 1998-ல் சென்னைப் பேட்டண்ட் ஆபீசில் மனுப் போட்டது. மருந்தின் மூலப் பொருள் முன்பே தெரிந்தது. அதன் ஒரு தனிப் படிக வடிவத்துக்குத்தான் உரிமை கேட்டார்கள். இந்தப் படிகம் ஈரம் குறைவாக இழுக்கும், கெடாமல் இருக்கும், மாத்திரையாக்கச் சுலபம் என்றார்கள்.

கம்பெனியின் மாத்திரைக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து சுமார் பத்தாயிரம் ரூபாய். ஏழைகள் பலருக்கு மருந்தை இலவசமாகவே கொடுப்பதாகக் கம்பெனி சொன்னது. நோயாளிகளின் சங்கமோ, 'தர்மம் வேண்டாம், கட்டுப்படியாகும் விலை வேண்டும்' என்ற நிலையில் எதிர்த்து நின்றது.

2006-ல் சென்னை ஆபீஸ் மனுவைத் தள்ளியது. சட்டப் பிரிவே செல்லாது என்று சென்னை ஹைகோர்ட்டில் போட்ட வழக்கு 2007-ல் தோற்றது. அப்பீல், அதற்குமேல் அப்பீல் என்று டில்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2013-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஈரம் இழுக்காத குணமும் மாத்திரையாக்கச் சுலபமாக இருப்பதும் நோயைக் குணமாக்கும் பலன் ஆகிவிடா என்று நீதிபதிகள் சொன்னார்கள். மனு தள்ளுபடி ஆயிற்று. இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை தொடர்ந்து கடைகளில் கிடைத்தது.